ஐந்து நாடுகள், 24 கேள்விகள்: அதிகார இடைவெளி மைனஸில் வருகிறது, பிழை எங்கே?

முதல்மழை

வணக்கம். நாட்டுப் பண்பாடுகளைப் பரிமாணங்களாகப் பிரித்து அளக்க டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் வகுத்த கேள்வித் தொகுதியின் 2013 பதிப்பை ஐந்து நாடுகளில் கொடுத்துத் தரவு திரட்டியாயிற்று. நாட்டுக்கு 120 பேர். மூன்று நாடுகளில் வங்கி ஊழியர்கள், இரண்டில் பல்கலைக்கழக மாணவர்கள். கணக்குப் போட்டால் ஒரு நாட்டின் அதிகார இடைவெளி (அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற பரிமாணம்) −17 என்று வருகிறது. 0 முதல் 100 வரைதானே வர வேண்டும்? ஒவ்வொரு பரிமாணத்தின் நான்கு கேள்விகளுக்கும் கிரான்பாக் ஆல்ஃபா (விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) பார்த்தால் 0.2-ஐத் தாண்டவில்லை. இதற்கெல்லாம் மேலே, அச்சில் உள்ள ஹாஃப்ஸ்டெட்டின் நாட்டு அட்டவணையோடு ஒப்பிட்டால் இரண்டு நாடுகள் தலைகீழாக இருக்கின்றன. தரவு கெட்டுவிட்டதா, கணக்கு கெட்டுவிட்டதா என்று தெரியவில்லை.

நிறைகோல்

மைனஸ் வந்ததாலேயே தவறு என்று ஆகிவிடாது. சூத்திரத்தையே எடுத்துப் பார்ப்போம்:

அதிகார இடைவெளி = 35 × (7ஆம் கேள்வியின் சராசரி − 2ஆம் கேள்வியின் சராசரி) + 25 × (20ஆம் கேள்வியின் சராசரி − 23ஆம் கேள்வியின் சராசரி) + மாறிலி

7உம் 2உம், கலந்தாலோசிக்கும் மேலாளர், மதிக்கத்தக்க மேலாளர் எவ்வளவு முக்கியம் என்பவை; 20 மேலாளரை எதிர்த்துப் பேச அஞ்சுவது, 23 ஒருவருக்கு இரண்டு மேலாளர்கள் கூடாது என்பது. அந்த மாறிலியை ஆய்வாளரே வைத்துக்கொள்ளலாம். எல்லா நாட்டுக்கும் ஒரே எண்ணைக் கூட்டி, விடைகளை 0–100க்குள் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. ஓர் எடுத்துக்காட்டு. முதல் நாட்டில் சராசரிகள் முறையே 2.10, 1.80, 3.20, 2.60 என்று வையுங்கள். 35 × 0.30 = 10.5, 25 × 0.60 = 15; மொத்தம் 25.5. இரண்டாம் நாட்டில் 1.70, 1.90, 2.50, 2.90. அங்கே −7, −10, மொத்தம் −17. இரண்டுக்கும் 30 கூட்டினால் 55.5, 13. இரண்டு நாடுகளுக்கும் இடையிலான 42.5 மட்டும் மாறவே மாறாது. இந்தத் தொகுதி அளப்பது அந்த வித்தியாசத்தைத்தான். "13" என்ற எண்ணைத் தனியாக எடுத்து வைத்தால் அதற்குப் பொருளே கிடையாது. பழைய அட்டவணையிலேயே மலேசியாவின் அதிகார இடைவெளி 104. கிரீஸின் நிச்சயமின்மைத் தவிர்ப்பு (தெளிவற்ற நிலையைக் கண்டு மக்கள் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்ற பரிமாணம்) 112. 0–100 என்பது இறுக்கமான எல்லை அல்ல.

ஆனால் மாறிலியைக் கூட்டுவதற்கு முன் விடைக் குறியீடு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். முதல் பத்துக் கேள்விகளில் 1 என்றால் மிக மிக முக்கியம், 5 என்றால் முக்கியமே இல்லை. எண் குறையக் குறைய முக்கியத்துவம் கூடுகிறது. 15ஆம் கேள்வியில் (பதற்றம்) 1 என்றால் எப்போதும். 20ஆம் கேள்வியில் (மேலாளரை எதிர்த்துப் பேச அஞ்சுவது) 1 என்றால் ஒருபோதும் இல்லை. இரண்டும் "எத்தனை முறை" என்று கேட்கும் கேள்விகள். திசை மட்டும் எதிரெதிர். இணையப் படிவம் தயாரிக்கும்போது ஒன்றின் விடைப் பட்டியலை மற்றொன்றுக்கு நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள். 20ஆம் கேள்வி புரண்டுவிட்டால் நாட்டின் இடமே புரண்டுவிடும். 1–5க்குப் பதில் 0–4 என்று சேமித்திருந்தால் கவலை வேண்டாம், கழித்தலில் அது அடிபட்டுப் போகும்.

பிழை வரம்பையும் கணக்கிடுங்கள், இதைப் பலர் செய்வதே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் திட்ட விலக்கம் 1 என்றும் விடைகளுக்கிடையே ஒட்டுறவு (சேர்ந்து ஏறி இறங்குவது) இல்லை என்றும் கொண்டால், 120 பேரில் ஒரு நாட்டு மதிப்பெண்ணின் திட்டப் பிழை ஏறக்குறைய 5.6. இரு நாடுகளின் வித்தியாசத்துக்கு 7.9. அதாவது 15 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தை வித்தியாசம் என்றே பேச முடியாது. 50 பேர் மட்டும் இருந்தால் அது 24 புள்ளியாக விரிந்துவிடும். 35, 40 என்ற பெருக்கிகள் சாம்பிள் பிழையையும் சேர்த்தே பெருக்குகின்றன. ஒட்டுறவு இருக்கும் என்பதால் உங்கள் தரவில் பூட்ஸ்ட்ராப் செய்து உண்மையான வரம்பை எடுப்பது நல்லது: நாட்டுக்குள் ஆட்களைத் திரும்பத் திரும்பப் பொறுக்கி 2,000 முறை சூத்திரத்தை ஓட்டுங்கள்.

திசைமானி

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மூன்று நாடுகளில் வங்கி, இரண்டில் மாணவர். இந்த ஐந்தையும் ஒரே அட்டவணையில் வைக்க முடியாது.

ஹாஃப்ஸ்டெட் தன் பழைய அட்டவணைக்கு ஐபிஎம் ஊழியர்களை மட்டும் எடுத்ததன் தர்க்கமே அதுதான். 1967க்கும் 1973க்கும் இடையில் 1,16,000க்கு மேற்பட்ட கேள்வித்தாள்கள். ஐபிஎம் ஊழியர் எந்த நாட்டு மக்களுக்கும் மாதிரி ஆக மாட்டார், அது ஹாஃப்ஸ்டெட்டுக்கும் தெரியும். ஒரே நிறுவனம், ஒரே வகை வேலை, ஏறக்குறைய ஒரே கல்வி. எஞ்சி நிற்பது நாடு மட்டும் என்பது அவருடைய வாதம். நாட்டின் மொத்தக் குணத்தை அது காட்டுமா என்பது தனிக் கேள்வி. வித்தியாசத்தை நாட்டின் பெயரில் எழுதுவதற்காவது அங்கே ஒரு நியாயம் இருந்தது.

உங்கள் தரவில் அந்த நியாயம் இல்லை. மேலாளரே இல்லாத மாணவரிடம் "உங்களைக் கலந்தாலோசிக்கும் மேலாளர் எவ்வளவு முக்கியம்" என்று கேட்டால் அவர் கற்பனையிலிருந்து விடை சொல்கிறார். வங்கி ஊழியர் நேற்று நடந்த கூட்டத்திலிருந்து சொல்கிறார். வயதும் வேறு. 20ஆம் கேள்வி நேரடியாக அனுபவத்தைக் கேட்பது; மாணவரிடம் அதற்கு இடமே இல்லை.

பழைய தரவிலும் இந்தக் கண்டிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் எழுதிய விமர்சனத்தில் எண்களை வெளியே எடுத்து வைத்தார்: பாகிஸ்தானில் முதல் சுற்றில் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர். ஹாங்காங்கில் 88, தைவானில் 71, சிங்கப்பூரில் 58. நிறைகோல் மேலே போட்ட பிழைக் கணக்கை இந்த எண்களோடு சேர்த்துப் படியுங்கள். சிங்கப்பூரின் நிச்சயமின்மைத் தவிர்ப்பு 8 என்று அட்டவணையில் ஒற்றை எண்ணாக நிற்கிறது; அதைச் சுற்றி எவ்வளவு பெரிய வரம்பு இருந்திருக்கும் என்பது அந்த அட்டவணையில் தெரியாது.

முதல்மழை

நன்றி. அப்படியானால் மூன்று வங்கி நாடுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ஆல்ஃபா அப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது. 0.7க்குக் கீழே இருந்தால் ஆய்விதழ்களில் ஏற்க மாட்டார்களே.

நிறைகோல்

நீங்கள் ஆல்ஃபாவைப் பார்த்த தளம் தவறு. 120 ஆட்களுக்கிடையே 7ஆம் கேள்வியும் 20ஆம் கேள்வியும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டிய கட்டாயமே இல்லை. நாட்டுச் சராசரிகளுக்கிடையே சேர்ந்து நகர்கின்றனவா என்பதை வைத்துத்தான் இந்தக் கேள்விகளைப் பொறுக்கினார்கள். நம்பகத்தன்மையை நாடுகளை அலகாக வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்குக் குறைந்தது பத்து நாடுகளாவது வேண்டும் என்று இந்தத் தொகுதியின் கையேடே சொல்கிறது. உங்களிடம் ஐந்து, இப்போது மூன்று. ஆக, உங்கள் தரவில் ஆல்ஃபாவைப் பார்க்க வழியே இல்லை. குறைவு என்று எழுதாதீர்கள், பொருந்தாது என்று எழுதுங்கள்.

ஆள் தளமும் நாட்டுத் தளமும் எவ்வளவு தூரம் பிரிந்து போகும் என்பதற்கு 1950இல் வில்லியம் ராபின்சன் எழுதிய கட்டுரையைவிடத் தெளிவான சான்று இல்லை. 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள ஒட்டுறவு ஆள் தளத்தில் 0.118. அதையே 48 மாநிலங்களை அலகாக வைத்துப் பார்த்தால் −0.526. குறியே மாறிவிட்டது. காரணம் எளிது: வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், உள்ளூர் மக்களிடையே எழுத்தறிவு அதிகம் இருந்த மாநிலங்களில் குடியேறினார்கள்.

ஆகவே "இவர் இந்த நாட்டுக்காரர், அதனால் இவருடைய தனிமனிதவாதம் 48" என்று ஒரு ஆளுக்கு நாட்டு எண்ணை ஒட்டுவது அடிப்படைப் பிழை. அதேபோல் ஒரு ஊழியரின் 24 விடைகளைச் சூத்திரத்தில் போட்டு அவருக்குத் தனியாக அதிகார இடைவெளி கணக்கிடுவதும் பிழை.

கடற்காகம்

நிறைகோல் சொன்ன தள வேறுபாடு சரி. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மூடிவைக்கக் கூடாது. மூன்று நாடுகளில் சரிபார்க்க முடியாத ஒரு கருவியை மூன்று நாடுகளில் எதற்காகப் பயன்படுத்த வேண்டும்? நான்கு கேள்விகளும் நாட்டுத் தளத்தில் சேர்ந்து நகர்கின்றன என்பதை நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஹாஃப்ஸ்டெட்டின் தரவிலேயே கேள்விகளுக்கான விடை வேறுபாட்டில் நாட்டின் பங்கு 2 முதல் 4 சதவீதம்தான் என்று பாரி கெர்ஹார்ட்டும் மெய்யூ ஃபாங்கும் 2005இல் சுட்டிக்காட்டினார்கள். வாஸ் தராஸ் குழுவினர் 2016இல் 558 ஆய்வுகளைத் தொகுத்தபோது வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் நாடுகளுக்கு உள்ளேயே இருந்தது. நாட்டு எல்லை பண்பாட்டுக்கு வேலி ஆகாது. தொழில், கல்வி, பொருளாதார நிலை இவற்றால் ஆட்களைத் தொகுத்தால் சில சமயம் நாட்டைவிட நன்றாகப் பிரிகிறது.

என் யோசனை: பெரிய பொதுத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உலக விழுமிய ஆய்வு 1981இல் தொடங்கிய தொடர். ஏழாம் சுற்று 2017 முதல் 2022 வரை நடந்தது. ஐரோப்பிய சமூக ஆய்வு 2002 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதில் ஒவ்வொரு நாட்டிலும் பயனுறு சாம்பிள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும். 20 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடுகளில் 800. வங்கி ஊழியர்களைத்தான் வேண்டும் என்றால் அதே தரவில் தொழில் குறியீட்டை வைத்து வடிகட்டலாம், எண்ணிக்கை குறையும்தான்.

உங்கள் நாடுகள் ஐரோப்பாவில் இருந்தால் ஐரோப்பிய சமூக ஆய்வில் உள்ள, மனித விழுமியங்களை அளக்கும் ஷ்வார்ட்ஸின் 21 கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கும் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு மனிதரை விவரிக்கும். "அவர் என்னைப் போன்றவர்" என்பதற்கு 1 முதல் 6 வரை விடை. 1 என்றால் மிகவும் என்னைப் போல. முதல் வேலை அதைத் திருப்புவது: 7இலிருந்து கழியுங்கள். அடுத்து, ஐந்துக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்லாமல் விட்டவர்களையும், 16க்கு மேற்பட்ட கேள்விகளுக்கு ஒரே எண்ணைச் சொன்னவர்களையும் நீக்குங்கள். பிறகு ஒவ்வொருவருடைய 21 விடைகளின் சராசரியைக் கண்டு, அதை அவருடைய ஒவ்வொரு விழுமிய மதிப்பெண்ணிலிருந்தும் கழியுங்கள்; இதைத்தான் மையப்படுத்தல் என்கிறார்கள். பத்து விழுமியங்களில் அனைத்துலக நலனுக்கு மட்டும் மூன்று கேள்விகள், மற்ற ஒன்பதுக்கும் இரண்டிரண்டு.

இந்தக் கழித்தலை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? எல்லாவற்றுக்கும் "ஆம், என்னைப் போலத்தான்" என்று தாராளமாகச் சொல்லும் நாடு, பாதுகாப்பிலும் முதலிடம், சாகசத்திலும் முதலிடம் என்று வரும். விழுமியம் என்பது எது எதைவிட முக்கியம் என்ற வரிசை. எல்லாமே முக்கியம் என்பதிலிருந்து வரிசை கிடைக்காது.

ஓலைநறுக்கு

அந்தத் தாராளம் விழுமியமா, விடை சொல்லும் பழக்கமா என்று பிரிப்பதற்கு முன்னால் மொழிபெயர்ப்பைப் பார்க்க வேண்டும். முதல்மழை, உங்கள் ஐந்து நாடுகளில் எத்தனை மொழிகள்? யார் மொழிபெயர்த்தார்கள்?

தமிழையே எடுத்துக்கொள்வோம், சிக்கல் நமக்கு உடனே புரியும் என்பதால். 7ஆம் கேள்வியை "மேலாளர் உங்களிடம் கருத்துக் கேட்பது" என்று எழுதலாம், "உங்களைக் கலந்தாலோசிப்பது" என்றும் எழுதலாம். முதலாவதில் கேட்டுவிட்டு அவர் விருப்பப்படி முடிவெடுக்கலாம். இரண்டாவதில் முடிவிலும் பங்கு உண்டு. 14ஆம் கேள்வியில் "சிக்கனம்" என்றால் பாராட்டு. "செலவைக் குறுக்குவது" என்றால் கஞ்சத்தனத்தின் வாடை வந்துவிடும். 19ஆம் கேள்வியில் "பெருமை" சரி, "கர்வம்" என்று போட்டால் விடையே மாறிவிடும். 13இல் நண்பருக்குச் "சேவை" என்றால் கோயில் தொண்டு மாதிரி ஒலிக்கிறது. "உதவி" என்றால் அன்றாடப் பேச்சு. 14இலும் 13இலும் வரும் பிழை நீண்டகால நோக்கு என்ற பரிமாணத்தில் 40ஆல் பெருக்கப்படும். ஒரு சொல் அரைப் புள்ளி தள்ளினால் நாடு 20 புள்ளி நகர்ந்துவிடும்!

பலர் திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்தோம், ஒத்துப்போயிற்று என்று எழுதுவார்கள். அந்தச் சோதனை சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடும், ஏனென்றால் அதுதான் மிக எளிதாக மூலத்துக்குத் திரும்பும். ஐரோப்பிய சமூக ஆய்வில் ஜேனட் ஹார்க்னஸ் வகுத்த முறையைப் பின்பற்றுகிறார்கள்: இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், இருவரும் ஒரு மதிப்பாய்வாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேச வேண்டும், ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும், பிறகு முன்சோதனை, ஒவ்வொரு முடிவுக்கும் எழுத்துப் பதிவு. அந்த எழுத்துப் பதிவை யாரும் மதிப்பதில்லை. ஆனால் பின்னால் ஒரு கேள்வி மட்டும் ஒரு நாட்டில் விலகி நிற்கும்போது காரணத்தைத் தேட அது ஒன்றுதான் இருக்கும்.

எல்லா நாட்டிலும் ஆங்கிலத்திலேயே கொடுத்துவிட்டோம், மொழிச் சிக்கலே இல்லை என்பதும் தப்பிப்பு ஆகாது. ஆன்-வில் ஹார்ட்சிங் 2005இல் பல நாட்டு மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஆங்கிலக் கேள்வித்தாளில் நாடுகளின் வித்தியாசம் சுருங்கியது, தாய்மொழியில் விரிந்தது.

முதல்மழை

மூன்று வங்கி நாடுகளில் இரண்டில் ஆங்கிலம், ஒன்றில் அந்நாட்டு மொழி. இது இவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது. விடை சொல்லும் பழக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விளக்க முடியுமா?

நிறைகோல்

இரண்டு வகையைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று, எதற்கும் ஒப்புக்கொள்வது. மற்றொன்று, ஓரங்களைத் தொடுவது (1, 5), அல்லது நடுவிலேயே நிற்பது. ஹாஃப்ஸ்டெட் சூத்திரங்கள் எல்லாம் கழித்தல் வடிவில் இருப்பதற்கு ஒரு நல்ல விளைவு உண்டு: இரண்டு கேள்விகளும் ஒரே திசையில், ஒரே அளவுகோலில் இருந்தால் ஒப்புக்கொள்ளும் பழக்கம் கழிந்துவிடும். 7, 2 ஜோடியில் கழிந்துவிடும். 20, 23 ஜோடியில் கழியாது; ஒன்று எத்தனை முறை என்பது, மற்றது ஒப்புதல். ஓரம் தொடும் பழக்கம் எங்குமே கழியாது, அது வித்தியாசத்தையே நீட்டிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் மிகக் கடினம். ஸ்டீவன் ஹைனும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் எழுதியது: ஆள் தன்னை அளக்கும்போது தன்னைச் சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டே அளக்கிறார். எல்லோரும் கூட்டாக வாழும் இடத்தில் இருப்பவர், "நான் அப்படியொன்றும் கூட்டுணர்வு உள்ளவன் இல்லை" என்பார். இரண்டு நாடுகளிலும் ஒப்பீட்டுக் கோடு வேறு என்பதால் உண்மையான வித்தியாசம் விடையில் மறைந்துவிடும். இதைக் கழித்தலாலோ மையப்படுத்தலாலோ சரிசெய்ய முடியாது. முன்கூட்டியே கேள்வித்தாளில் நங்கூரக் கதைகள் சேர்க்கலாம்: கற்பனை மேலாளர் ஒருவரை மூன்று நான்கு வரியில் விவரித்து, எல்லா நாட்டவரையும் அவருக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒரே மேலாளருக்கு ஒரு நாடு 2, இன்னொன்று 4 போட்டால் அளவுகோல் எங்கே நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். கேரி கிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் விரிவாக்கிய முறை இது. பரிமாணத்துக்கு மூன்று கதை போதும். ஐந்தைத் தாண்டினால் விடை சொல்பவர்கள் களைத்து ஒரே எண்ணைப் போட ஆரம்பிப்பார்கள்.

ஷ்வார்ட்ஸ் தரவுக்குப் போவதாக இருந்தால் சராசரிகளை ஒப்பிடும் முன், கேள்விகள் எல்லா நாட்டிலும் ஒன்றையே ஒரே மாதிரி அளக்கின்றனவா என்ற ஒப்புமைச் சோதனை கட்டாயம். பல குழு உறுதிப்பாட்டுக் காரணிப் பகுப்பாய்வு, ஆர் மென்பொருளில் லாவான் தொகுப்பு போதும். முதலில் வடிவ ஒப்புமை: எந்தக் கேள்வி எந்தக் காரணியில் (விடைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பொதுப் பண்பில்) என்பது எல்லா நாட்டிலும் ஒன்றா? அடுத்து எடை ஒப்புமை: காரணிச் சுமைகளை (கேள்வி காரணியோடு எவ்வளவு பிணைகிறது என்பதை) சமமாக்குங்கள். அது நின்றால் உறவுகளை நாடுகளுக்கிடையே ஒப்பிடலாம். மூன்றாவது தொடக்கப்புள்ளி ஒப்புமை: வெட்டுகளையும் (ஒவ்வொரு கேள்வியின் விடையும் தொடங்கும் இடத்தையும்) சமமாக்குங்கள். அது நின்றால்தான் சராசரிகளை ஒப்பிடலாம். ஒவ்வொரு படியிலும், தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ எண் 0.01க்கு மேல் சரியக் கூடாது. இதற்கு மையப்படுத்தாத மூல விடைகளையே போடுங்கள். மையப்படுத்தியதைப் போட்டால் காரணிகளுக்கிடையே செயற்கையான எதிர்மறை ஒட்டுறவு முளைக்கும்.

மூன்றாவது படியில் பெரும்பாலும் உடையும், அதிர்ச்சி அடைய வேண்டாம். காரணிக்கு இரண்டு கேள்விகளாவது சமமாக நின்றால் பகுதி ஒப்புமை என்று கொண்டு தொடரலாம். நாடுகள் நிறைய என்றால் 2014இல் அஸ்பருஹோவும் முத்தேனும் தந்த சீரமைப்பு முறை இருக்கிறது; அளவுருக்களில் கால் பங்குக்குள் விலகல் இருந்தால் சராசரிகளை நம்பலாம் என்பது அதன் கைக்கணக்கு.

கடற்காகம்

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஒப்புமைச் சோதனையில் தோற்றால் ஒப்பிடவே கூடாது என்பது, எல்லாக் கேள்விகளும் ஒரே மறைகாரணியின் நிழல்கள் என்ற எடுகோளிலிருந்து வருவது. எல்லாக் குறியீடுகளும் அப்படி அல்ல. கிறிஸ்டியன் வெல்சலும் இங்கிள்ஹார்ட்டும் இதைத்தான் வாதிட்டார்கள்: ஒரு குறியீடு பல கூறுகளைக் கூட்டிக் கட்டிய மொத்தமாக இருக்கலாம். நாட்டின் மொத்த உற்பத்தியில் வேளாண்மையும் சேவைத்துறையும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. உலக விழுமிய ஆய்வை வைத்து இங்கிள்ஹார்ட் நாடுகளை வரிசைப்படுத்திய இரண்டு பண்பாட்டு அச்சுகளும் வருமானம், மக்களாட்சி போன்ற வெளி அளவுகளோடு பல பத்தாண்டுகளாக ஒத்து நடக்கின்றன. சிஎஃப்ஐ 0.012 சரிந்தது என்பதற்காக அதைத் தூக்கி எறிவது சரியல்ல.

நிறைகோல்

கட்டிய மொத்தம் என்றால் எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை என்பதைக் கோட்பாட்டிலிருந்து சொல்ல வேண்டும். ஆனால் அந்த இரண்டு அச்சுகளின் எடைகள் காரணிப் பகுப்பாய்விலிருந்து வருகின்றன. ஒட்டுறவை வைத்து எடை போட்டுவிட்டு, ஒட்டுறவு தேவையில்லை என்று சொல்ல முடியாதே.

வெளி அளவோடு ஒத்துப்போவதும் முழுச் சான்று ஆகாது. விடை சொல்லும் பழக்கமும் வருமானத்தோடு ஒத்துப்போகும். பிழையும் விழுமியமும் ஒரே திசையில் நகர்ந்தால் வெளி ஒட்டுறவு இரண்டையும் சேர்த்துத்தான் பரிசளிக்கும். பீட்டர் ஸ்மித் 2004இல் காட்டியதே அதுதான்: பல பெரிய ஆய்வுகளை வைத்துப் பார்த்தபோது, ஒப்புக்கொள்ளும் பழக்கம் கூட்டுணர்வு மிகுந்த நாடுகளில் அதிகம்.

கடற்காகம்

எடை பற்றிய வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அச்சுகளைவிடத் தனிக் கேள்விகளைப் பார்ப்பதை நான் விரும்புகிறேன். தனிக் கேள்வி என்றால் பொருள் மாறினாலும் எங்கே மாறியது என்று தேட முடியும். "பெரும்பாலானவர்களை நம்பலாமா" என்ற கேள்வி நல்ல உதாரணம். யான் டெல்ஹே, கென்னத் நியூட்டன், வெல்சல் மூவரும் 2011இல் 51 நாடுகளில் பார்த்தபோது, "பெரும்பாலானவர்கள்" என்ற சொல்லில் யாரெல்லாம் அடக்கம் என்பதே நாட்டுக்கு நாடு வேறாக இருந்தது. சில நாடுகளில் முன்பின் தெரியாதவரும் அடக்கம். சீனா போன்ற கன்பூசிய மரபு நாடுகளில் அந்த வட்டம் குடும்பம், அண்டை, தெரிந்தவர் என்று சுருங்கியது. வட்டத்தைக் கணக்கில் எடுத்த பிறகு நாடுகளின் வரிசை மாறியது. ஒரு கேள்வியின் பொருளை இன்னொரு கேள்வித் தொகுதியால் திருத்தும் இந்த வழி, சிஎஃப்ஐயைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

நிறைகோல்

இரண்டும் செய்யலாம். சோதனை எந்தக் கேள்வி விலகுகிறது என்று காட்டும்; ஏன் என்பதற்கு நீங்கள் சொன்ன வழி. அந்த வரிசைக்கு எனக்கு மறுப்பு இல்லை.

திசைமானி

முதல்மழை கேட்ட மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை: அச்சு அட்டவணையோடு ஏன் தலைகீழ்? மாறிலியும் சாம்பிளும் வேறு என்பதால் நேரடி ஒப்பீடே கிடையாது. உங்கள் எண்ணையும் அட்டவணையின் எண்ணையும் பக்கத்தில் வைக்க முடியாது. இரு நாடுகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் வைக்கலாம், அதுவும் பிழை வரம்போடு. பொதுவான நாடுகள் பல இருந்தால் வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் பொருள் உண்டு. மூன்று நாடுகளில் வரிசை தற்செயலாகவே ஒத்துப்போகலாம், மாறலாம்.

காலம் இன்னொன்று. பொய்கெல்ஸ்டைக், மாஸ்லாண்ட், வான் ஹூர்ன் மூவரும் 2015இல் தலைமுறைகளைப் பிரித்துப் பார்த்தபோது, பிந்தைய தலைமுறையில் பொதுவாகத் தனிமனிதவாதம் ஏறியிருக்கிறது, அதிகார இடைவெளி இறங்கியிருக்கிறது. ஆனால் நாடுகளின் ஒப்பீட்டு இடங்கள் பெரிதாகக் கலையவில்லை. எல்லாரும் சேர்ந்து நடந்தால் வரிசை கலையாது அல்லவா. அதனால் பழைய அட்டவணையில் வித்தியாசத்தைப் படிக்கலாம், அதன் தனி எண்களை இன்றைய நிலை என்று படிக்கக் கூடாது.

பண்பாட்டையும் தலைமையையும் அளந்த குளோப் என்ற பன்னாட்டு ஆய்வைத் துணைக்கு எடுக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. 62 சமூகங்கள், சுமார் 17,000 இடைநிலை மேலாளர்கள், உணவுப் பதப்படுத்தல், நிதி, தொலைத்தொடர்பு என்ற மூன்று துறைகள். சாம்பிள் பொருத்தம் நல்லது. ஆனால் ஒவ்வொரு பரிமாணத்துக்கும் இரண்டு எண்கள்: சமூகம் எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும். ஒன்பது பரிமாணங்களில் ஏழில் இரண்டுக்கும் எதிர்மறை ஒட்டுறவு. எது குறைவாக இருக்கிறதோ அது இன்னும் வேண்டும் என்று கேட்கிறார்கள் போலும், அது விழுமியமா பற்றாக்குறையா என்ற சர்ச்சை இன்னும் ஓடுகிறது. இதில் மிகவும் சறுக்குவது நிச்சயமின்மைத் தவிர்ப்பு: குளோப்பின் "இருக்கிறது" எண், ஹாஃப்ஸ்டெட் எண்ணோடு எதிர்த்திசையில் போகிறது. பெயர் ஒன்று என்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் உங்கள் முடிவின் குறியே மாறும்.

முதல்மழை

இறுதியில் இதை வைத்து நாடுகளுக்கிடையே பண்பாட்டுத் தூரம் கணக்கிட்டு, ஊழியர் இடமாற்றத்தின் வெற்றியோடு தொடர்புபடுத்துவதுதான் திட்டம். கோகுட்–சிங் குறியீடு போடலாமா?

திசைமானி

போடலாம், மூன்று இடங்களில் கை வைத்த பிறகு. 1988 சூத்திரம் ஒவ்வொரு பரிமாணத்திலும் வித்தியாசத்தின் வர்க்கத்தை அந்தப் பரிமாணத்தின் மாறுபாட்டால் வகுத்து, நான்கு பரிமாணங்களின் சராசரியை எடுக்கிறது. அந்த மாறுபாட்டை உங்கள் மூன்று நாடுகளிலிருந்து எடுக்காதீர்கள். முழு அட்டவணையிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாட்டைச் சேர்த்தாலோ விட்டாலோ எல்லாத் தூரமும் ஆடும். கிடைத்த எண் வர்க்கத் தூரம். வர்க்கமூலம் எடுத்த பிறகுதான் தூரம். அதை எடுக்காமல் நேர்கோட்டுப் பின்னடைவில் (ரிக்ரஷன்) போட்டால் தொலைவான நாடுகள் கோட்டை இழுத்துக்கொண்டு போகும். பலித கோனாராவும் அலெக்சாண்டர் மோரும் 2019இல் இதைத்தான் கடுமையாக எழுதினார்கள். மூன்றாவது, அதிகார இடைவெளிக்கும் தனிமனிதவாதத்துக்கும் வலுவான எதிர்மறை ஒட்டுறவு. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒன்றையே இருமுறை எண்ணுகிறீர்கள். மஹலனோபிஸ் தூரம் அந்த ஒட்டுறவைக் கழித்துவிடும்.

தூரத்துக்குத் திசை கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கிருந்து இங்கே வருபவருக்கும் இங்கிருந்து அங்கே போபவருக்கும் ஒரே எண். ஓடெட் ஷென்கர் 2001இல் எழுப்பிய ஆட்சேபம் இது. அதிகார இடைவெளி மட்டும் முக்கியம் என்று கருதினால் குறியோடு கூடிய வித்தியாசத்தையே மாறியாகப் போடுங்கள்.

நிறைகோல்

ஒரு திருத்தம் சேர்க்கிறேன். மூன்று நாட்டில் 360 பேர் இருந்தாலும் நாட்டு மாறிக்கு எண்ணிக்கை 3தான். ஆள் தளத்தையும் நாட்டுத் தளத்தையும் சேர்த்துப் பார்க்கும் பல்தளப் பின்னடைவில் நாட்டு விளைவை நம்பிச் சொல்ல 25 நாடுகளாவது வேண்டும் என்று மார்க் பிரையனும் ஸ்டீஃபன் ஜென்கின்சும் 2016இல் காட்டினார்கள். ஆள்களை எண்ணிக்கையாகக் காட்டி வரும் சிறிய பி-மதிப்பை நம்பாதீர்கள்.

முதல்மழை

புரிகிறது. திருத்திய திட்டம் இது. மாணவர் நாடுகள் இரண்டையும் விடுகிறேன். வங்கி நாடுகளில் ஆங்கிலத்தில் கொடுத்த இரண்டில் தாய்மொழியில் நாட்டுக்கு 60 பேரிடம் மறுபடி எடுத்து, மொழியால் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறேன். நாட்டு மதிப்பெண்களை வித்தியாசமாக மட்டும், பூட்ஸ்ட்ராப் வரம்போடு எழுதுகிறேன். இடமாற்றத்தோடு தொடர்புபடுத்தும் பகுதியை நீக்குகிறேன். சரியா?

ஓலைநறுக்கு

மறுபடி எடுக்கும்போது அதே ஆட்களிடம் இரண்டு மொழியிலும் கேட்காதீர்கள், முதல் விடை நினைவில் இருக்கும். ஒரே வங்கிக் கிளைகளிலிருந்து புதியவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பாதிப் பேருக்கு ஆங்கிலம், பாதிப் பேருக்குத் தாய்மொழி. ஆகவே நாட்டுக்கு 60 போதாது, 120 வேண்டும். முன்சோதனைக்கு முன்னால் 7, 13, 14, 19 இந்த நான்கின் மொழிபெயர்ப்பை இங்கே போடுங்கள், அந்த மொழி தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

நிறைகோல்

20ஆம் கேள்வியின் விடைத் திசையையும் அப்போதே சேர்த்துப் போடுங்கள். அதைப் பார்க்காமல் −17 பற்றி இறுதியாக எதுவும் சொல்ல முடியாது.